கணக்கு நோட்டின் கடைசி வரி

தில்லி சரோஜினி நகர்க் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களுக்கு ஒரு சொல் காதிலேயே தங்கியிருக்கும். ‘ஷுகர் ஹை’ என்பது அது. ஆண்டவனுக்கு நன்றி என்று பொருள். பஞ்சாபி வீடுகளில் இதை நல்ல செய்திக்கும் சொல்வார்கள், கெட்ட செய்திக்கும் சொல்வார்கள். பையன் பரீட்சையில் பாஸா? ஷுகர் ஹை. பாஸாகவில்லை, ஆனால் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடவில்லையே? அதற்கும் ஷுகர் ஹை. கும்பகோணத்திலிருந்து புதிதாக வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நாங்களும் சிரித்தவர்கள்தாம்.

மத்திய சர்க்கார் ஊழியர்களுக்காக 1950களில் எழுந்த இந்தக் காலனிக்கு முதலில் வினய் நகர் என்று பெயர். வினயம் என்றால் பணிவு. குமாஸ்தாக்கள் வாழும் இடத்துக்குப் பொருத்தமான பெயர்தான். பிறகு சரோஜினி நாயுடுவின் பெயரைச் சூட்டினார்கள். எங்கள் பிளாக்கில் மாடி வீட்டில் இருந்த பஞ்சாபி அம்மையார் 1947இல் லாகூரிலிருந்து கட்டிய துணியோடு வந்தவர். வீடு, நகை, ஒரு தம்பி எல்லாவற்றையும் அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்தவர், வார்த்தைக்கு வார்த்தை ஷுகர் ஹை என்பது என் தாயாருக்குப் புரியவேயில்லை. ஒரு நாள் தமக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டே விட்டார்: “எதற்கு பெஹன்ஜி நன்றி? உங்களுக்கு என்ன மிச்சம்?”

பெஹன்ஜி கோபித்துக்கொள்ளவில்லை. அமிர்தசரஸ் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றபோது யாரோ ஒருவர் ஜன்னல் வழியாக இரண்டு ரொட்டியும் ஊறுகாயும் கொடுத்தாராம். பெயர் தெரியாது, முகமும் சரியாக நினைவில்லை. நீலத் தலைப்பாகை மட்டும் நினைவிருக்கிறது. “நான் ஷுகர் என்று சொல்லும்போதெல்லாம் அந்தத் தலைப்பாகைதான் என் கண் முன்னால் வரும்” என்றார்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பதில் பெரிதாகப் படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து எங்கள் வீட்டிலேயே அதற்குத் தேவை வந்தது.

சர்க்கரை, திருப்ப வேண்டும்

1977ஆம் ஆண்டு குளிர்காலத்தில் என் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் ஆபீசுக்குப் போகக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டவர் கையை உள்ளே நுழைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதினோரு மாதம் படுக்கை. முதலில் முழுச் சம்பள லீவு, பிறகு அரைச் சம்பளம், அப்புறம் அதுவும் இல்லை. ஊரில் இருந்த உறவினர்களுக்குத் தந்தி கொடுத்தால் அவர்கள் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து சேர மூன்று நாள் ஆகும். வந்தவர்களும் எத்தனை நாள் இருப்பார்கள்?

என் தாயாரிடம் ஒரு கணக்கு நோட்டு உண்டு. பால், காய்கறி, வேலைக்காரி என்று எல்லா வீட்டிலும் எழுதுகிற வரவு செலவுதான். தகப்பனார் படுத்த பிறகு அதில் ஒரு மாறுதல் வந்தது. அன்றன்றைய செலவுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அதற்கும் கீழே ஒரு வரி எழுதத் தொடங்கினார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. சில வரிகளை மட்டும் தருகிறேன்:

“பால் டோக்கன் எதிர் வீட்டுப் பையன் வாங்கிக் கொண்டு போய் நின்றான். குளிர்.”

“மாடி வீட்டு பெஹன்ஜி அரைக் கிலோ சர்க்கரை. திருப்ப வேண்டும்.”

“டிஸ்பென்ஸரி கம்பவுண்டர் ராத்திரி பத்து மணிக்கு வந்து ஊசி போட்டார். பணம் வாங்கவில்லை. பெண் கல்யாணம் தை மாதம் என்றார். மறக்கக் கூடாது.”

“ஆபீஸ் பியூன் அரியர்ஸ் பேப்பரில் கையெழுத்து வாங்க இரண்டு தடவை சைக்கிளில் வந்தார்.”

இதைப் பெரிய தத்துவம் என்று நினைத்து அவர் எழுதவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இது கடன் கணக்கு. யார் யாருக்கு எப்போது எதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது மறந்து போகாமலிருக்க எழுதி வைத்த பட்டியல். ‘திருப்ப வேண்டும்’ என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. திருப்பிய பிறகு அந்த வரியின் மேல் பென்சிலால் ஒரு சிறு ‘சரி’ போட்டிருக்கிறார்.

எல்லா நாளும் வரி இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மே மாதத்தில் ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: “இன்று ஒருவரும் வரவில்லை. சாதம் மிஞ்சிப் போயிற்று.” அவ்வளவுதான். எனக்கு அந்த நோட்டில் மிகவும் பிடித்த பக்கம் எது என்று கேட்டால் இதையே சொல்வேன். நன்றி சொல்ல ஒன்றுமில்லாத நாளில் அவர் எதையும் தேடிப் பிடித்து ஒப்பேற்றவில்லை.

தகப்பனார் காலமானார். கருணை அடிப்படையில் என் தமக்கைக்கு வேலை கிடைத்தது. அந்தக் காலனியிலேயே நாங்கள் தங்க முடிந்தது. பல ஆண்டுகள் கழித்து என் தாயாரிடம் கேட்டேன்: “அந்த நாட்களில் எப்படித் தாங்கினீர்கள்?” நோட்டைக் காட்டினார். “ராத்திரி படுக்கப் போகும்போது, நம்மைத் தனியாக விட்டுவிடவில்லை என்பது எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் படுத்தால் கொஞ்சம் தூக்கம் வரும்” என்றார்.

சொல்லும் சொல்லின் பொருளும்

நம் வீடுகளில் ‘நன்றி’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அதிகமில்லை. மேடையில் கடைசியாக நன்றியுரை உண்டு, வீட்டுக்குள் கிடையாது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் ‘நன்றாக இரு’ என்பார்கள். பெரிய உதவி செய்தால் ‘உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்’ என்பார்கள். இதை வைத்துத் தமிழனுக்கு நன்றியுணர்ச்சி குறைவு என்று யாராவது முடிவு கட்டினால் அது தவறு.

திருக்குறளின் பதினோராவது அதிகாரம் ‘செய்ந்நன்றி அறிதல்’. 101 முதல் 110 வரை பத்துக் குறட்பாக்கள். தலைப்பையே சற்று நின்று பார்க்க வேண்டும். நன்றி என்றால் நன்மை. செய்ந்நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை. அதை ‘அறிதல்’ என்றார் வள்ளுவர். சொல்லுதல் என்றோ உணர்தல் என்றோ அவர் வைக்கவில்லை. யார் செய்தார், எந்த நேரத்தில் செய்தார், அவருக்கு அதனால் என்ன சிரமம் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் அறம். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று படிக்காத பாட்டிகள் சொன்னதும் இதுவே. மாடி வீட்டு பெஹன்ஜி உப்புக்குப் பதில் சர்க்கரை கொடுத்தார்; வேறுபாடு அவ்வளவுதான்.

இந்தக் காலத்தில் இதே பழக்கத்தை உளவியல் அறிஞர்கள் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். 2003இல் அமெரிக்காவின் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு பேராசிரியர்கள் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. மாணவர்களில் ஒரு பிரிவினரை, நன்றிக்குரிய விஷயங்கள் ஐந்து வரை வாரம் ஒரு முறை எழுதச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் தொல்லைகளை எழுதினார்கள். மூன்றாவது பிரிவினர் வெறுமனே நடந்ததை எழுதினார்கள். பத்து வாரம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவினர் தங்கள் வாழ்வைப் பற்றி நிறைவாகப் பேசினார்கள். நரம்புத் தசை நோயுள்ளவர்களை 21 நாள் தினமும் எழுதச் செய்தபோது அவர்களுடைய தூக்கமும் மேம்பட்டதாகத் தெரிந்தது. தூக்கம் என்றதும் எனக்கு என் தாயாரின் ஞாபகம் வந்ததில் வியப்பில்லை.

2005இல் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். தினமும் இரவில் அன்று நடந்த மூன்று நல்ல காரியங்களையும், அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் எழுதியவர்களிடம் அதன் பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. நமக்கு உதவி செய்தும் நாம் சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது அவர்கள் வைத்த மற்றொரு சோதனை. அது உடனடியாகப் பெரும் மகிழ்ச்சி தந்தது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கவில்லை. சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற அறிஞரோ, வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட ஒரே முறை எழுதியவர்கள் அதிகப் பயன் பெற்றதைக் கண்டார். தினமும் பூஜை செய்கிறவர்களுக்கு இதன் காரணம் புரியும்: வாய் மட்டும் மந்திரம் சொல்லும் நாட்கள் உண்டல்லவா?

இதைச் சர்வரோக நிவாரணி என்று விற்கிறவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இருபத்தேழு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்த ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இந்தப் பயிற்சிகளால் கிடைக்கும் பலன் சிறிதே என்றும், அந்த நோய்களுக்கு உரிய சிகிச்சைதான் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நியாயமான பேச்சு.

2005 அக்டோபர் 29

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை. சரோஜினி நகர் மார்க்கெட்டைத் தீபாவளி வாரத்தில் பார்த்தவர்களுக்குக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. என் தமக்கையும் அவள் மகளும் துணி வாங்கப் போயிருந்தார்கள். பெண்ணின் செருப்பு வார் அறுந்து போயிற்று. வெறுங்காலோடு எத்தனை நேரம் சுற்றுவது என்று அலுத்துக்கொண்டு ஐந்தரை மணிக்கே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆறு மணியை ஒட்டி மார்க்கெட்டில் குண்டு வெடித்தது. அன்று மாலை பஹாட்கஞ்சிலும், கோவிந்தபுரியில் ஒரு பஸ்ஸிலும் வெடித்தது. மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இறந்தது சரோஜினி நகரில்.

ஊரிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. ‘செருப்பு வார் அறுந்தது தெய்வச் செயல், பிள்ளையாருக்குத் தேங்காய் உடையுங்கள்’ என்றார்கள். என் தாயாருக்கு அப்போது எழுபது வயது. எல்லோரிடமும் ‘ஆமாம், ஆமாம்’ என்று சொல்லிவிட்டு, பிறகு எங்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “தேங்காய் உடைக்கலாம், தப்பில்லை. ஆனால் தெருவில் நின்று அதைச் சொல்லாதீர்கள். அடுத்த பிளாக்கில் அழுகைச் சத்தம் கேட்கிறது.”

நமக்கு வந்திருக்க வேண்டிய துன்பம் வேறொருவருக்குப் போயிற்று என்பதற்காகச் சொல்லப்படும் நன்றியில் ஏதோ ஒரு கூச்சம் இருக்கிறது. அன்றுதான் அது எனக்கு உறைத்தது. ‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்துத் திருப்திப்படு’ என்று நம் பெரியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வழியில் போனால் அடுத்த வீட்டாரின் துக்கம் நமக்குக் கைத்தடியாகிவிடுகிறது. பெஹன்ஜியின் ஷுகர் அப்படிப்பட்டதல்ல. லாகூரில் மாட்டிக்கொண்டவர்களை நினைத்து அவர் அதைச் சொல்லவில்லை. ரொட்டி கொடுத்த கையை நினைத்துச் சொன்னார்.

அந்த வாரம் பத்திரிகைகளில் கோவிந்தபுரி பஸ் ஓட்டுநரைப் பற்றிச் செய்தி வந்தது. பஸ்ஸில் கிடந்த பையைச் சந்தேகித்து, பயணிகளை இறக்கிவிட்டு, அதை அப்புறப்படுத்தும்போது வெடித்துவிட்டது. பயணிகள் பிழைத்தார்கள்; அவருக்கு இரு கண்களிலும் பார்வை போயிற்று. என் தாயார் அந்தச் செய்தியைக் கத்தரித்து, பழைய நோட்டில் மிச்சமிருந்த வெற்றுப் பக்கத்தில் ஒட்டினார். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் பஸ்ஸில் போகவில்லை. “இது நமக்கு வந்த உதவி இல்லையே அம்மா” என்றேன். “நாம் இருக்கிற ஊருக்கு வந்தது” என்றார். அந்த வரிக்கு மட்டும் அவர் ‘சரி’ போடவேயில்லை.

மார்க்கெட்டில் இறந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. மலிவான துணி வாங்கப் போகும் இளைஞர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

எழுத முடியாத இரவு

2021 ஏப்ரலில் தில்லி பட்ட பாட்டை விவரிக்க வேண்டியதில்லை. நான் துவாரகையில் ஃபிளாட்டில் இருந்தேன். எனக்கும் என் மனைவிக்கும் கொரோனா. அவளுக்கு மூச்சுத் திணறல். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு காலையும் பூப்படத்தோடு ஒரு வாழ்த்து வரும்: ‘இன்று நீங்கள் நன்றி சொல்ல வேண்டிய பத்து விஷயங்கள்.’ அதை அனுப்பிய நண்பர் நல்லவர்தான். இருந்தும் அந்தத் தொலைபேசியைச் சுவரில் எறியலாமா என்று இருந்தது. கஷ்டத்தில் இருப்பவனுக்கு நன்றியைக் கட்டளையாகச் சொன்னால் அது இன்னொரு கஷ்டம். இந்தப் பயிற்சியைத் தனக்குத் தானே செய்துகொள்ளலாம்; பிறருக்கு உத்தரவு போடக்கூடாது.

அலமாரியைத் துழாவி ஒரு நோட்டை எடுத்தேன். தாயாரின் கோட்டைப் போலவே ஒரு கோடு போட்டேன். “மூன்றாவது மாடி மணிப்பூர்ப் பையன் சிலிண்டரோடு மாயாபுரியில் ஆறு மணி நேரம் வரிசையில் நின்று நிரப்பி வந்தான்.” “எதிர் வீட்டு அம்மாள் கஞ்சி. கதவுக்கு வெளியே ஸ்டூல் மேல்.” காஜியாபாத் இந்திராபுரத்தில் ஒரு குருத்வாராவின் வாசலிலேயே நோயாளிகளுக்கு ஆக்ஸிஜன் கொடுக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்ததையும் எழுதினேன். நமக்கு வந்ததா, ஊருக்கு வந்ததா என்று கேட்க அப்போது தாயார் இல்லை.

என் மனைவி பிழைத்தாள். என் தமக்கை பிழைக்கவில்லை. 2018இல் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ரோஹிணியில் தனியாக இருந்தவள். அன்றைய பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது.

ஒன்பது நாள் கழித்து அதற்கடுத்த வரியை எழுதினேன். நான் தனிமையில் அடைபட்டுக் கிடந்ததால் மயானத்துக்குப் போக முடியவில்லை. வெள்ளைக் கவச உடை போட்ட யாரோ ஒரு தொண்டர் அவளுக்கு வேண்டியதைச் செய்து, அஸ்தியைச் சிறு பானையில் கட்டி, அவள் பெயரை ஹிந்தியில் எழுதி வைத்திருந்தார். ஓர் எழுத்துத் தப்பாக இருந்தது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் கண்களைக்கூட நான் பார்க்கவில்லை. நீலத் தலைப்பாகை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே, இதைப் படித்துவிட்டு இன்று இரவே தொடங்க நினைக்கும் வாசகர்களுக்கு என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன். பேனாவால் எழுதுங்கள், மனத்துக்குள் நினைத்தால் நழுவிவிடும். ‘குடும்பம், ஆரோக்கியம்’ என்று பொதுவாக எழுதினால் மூன்றாம் நாள் அலுத்துப் போகும். ஆளையும் காரியத்தையும் எழுதுங்கள்; அவருக்கு அதில் என்ன சிரமம் என்பதையும் எழுத முடிந்தால் நல்லது. ஒன்றுமில்லாத நாளில் ஒன்றுமில்லை என்றே எழுதுங்கள். தினமும் முடியாவிட்டால் வாரம் ஒரு நாள் போதும். நாள்கணக்காகத் தூக்கமின்றி, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவர்கள் நோட்டை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம்.

சரோஜினி நகரின் பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்து அடுக்குமாடிகள் கட்டும் திட்டத்துக்கு 2016இல் மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்தது. அதற்காக மரங்களை வெட்டத் தொடங்கியபோது, 2018 ஜூனில் மக்கள் வந்து மரங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்; தில்லி உயர் நீதிமன்றம் குறுக்கிட்டு வெட்டுவதை நிறுத்தியது. எங்கள் பிளாக் இருந்த இடத்தில் இப்போது தகரத் தடுப்பு. வாசல் வேப்பமரம் நின்ற இடத்தைக்கூட என்னால் அடையாளம் காண முடியவில்லை.

சென்ற குளிர்காலத்தில் தாயாரின் நோட்டை முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். எல்லா ‘திருப்ப வேண்டும்’ மேலும் பென்சில் அடையாளம் இருந்தது, ஒன்றைத் தவிர. பெஹன்ஜியின் அரைக் கிலோ சர்க்கரை. ஆஸ்பத்திரி அலைச்சலில் விட்டுப் போயிருக்க வேண்டும். விசாரித்து, அவர்கள் திலக் நகரில் இருப்பதை அறிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பெஹன்ஜி இறந்து பல வருஷமாயிற்று. என்னோடு கில்லி விளையாடிய அவர் மகன்தான் கதவைத் திறந்தார். தலை முழுவதும் நரை. நோட்டைக் காட்டி, தமிழ் எழுத்தை ஹிந்தியில் படித்துச் சொல்லி, சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டினேன்.

அவர் நோட்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாத எழுத்து. “இதில் என் அம்மா பெயர் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். பெயர் இல்லை, ‘மாடி வீட்டு பெஹன்ஜி’ என்றுதான் இருக்கிறது என்று அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். அதன் மேல் விரலை வைத்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “எனக்கு ஷுகர் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம். இந்தச் சர்க்கரையைப் போட்டு இரண்டு டீ கொண்டு வா.”